மேட்டில் இழுக்காத வண்டி

"தப்பு யார் கைன்னு மட்டும் காட்டிக் குடுங்க அம்மிணி. வேற எதுவும் வேண்டாம்."

வந்து நின்ற நிமிஷமே மருதாசலம் அண்ணன் கேட்டது இதுதான்.

பட்டறை முதலாளியம்மா மைமூன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என் வண்டியைப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி என்னுடையது. நாலு மாதமாக மேட்டில் இழுக்காமல் என் உயிரை வாங்குகிறது. அதற்கு என்ன கேடு என்று கேட்காமல், யார் கை என்று கேட்கிறார் மனுஷன்.

நான் பர்கூர் மலையில் மெஸ் நடத்துகிறவன். பெயர் அங்கமுத்து. வாரம் இரண்டு தடவை கீழே வந்து அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிக்கொண்டு மலை ஏறவேண்டும். என் டீசல் கார் சமதளத்தில் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஏற்றம் வந்துவிட்டால் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு படுத்துவிடும். பின்னால் வருகிற பஸ்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான்.

ஏற்றத்தில் இன்ஜினுக்கு மூச்சு பத்தாது. காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதற்கு டர்போ என்று ஒரு சாமான் இருக்கிறது. ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறோமே, அந்த வேலைதான். எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

நாலு மாதத்துக்கு முன்னால் பழைய டர்போ தேய்ந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. அதிலிருந்து அதை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

முதல் தடவை மாற்றியபோது மருதாசலம் அண்ணனும் சென்னியப்பனும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். பவானியில் இருவரும் பத்தொன்பது வருஷமாகக் கூட்டாகப் பட்டறை வைத்திருந்தவர்கள். சென்னியப்பன் வேறு யாருமில்லை, மருதாசலம் அண்ணன் மனைவி தங்கமணியின் கூடப்பிறந்த தம்பி. அன்றைக்குப் பழைய டர்போவைக் கழற்றியது அண்ணன். புது டர்போவைப் பொருத்தியது சென்னியப்பன்.

அதற்குப் பிறகுதான் வண்டி மேட்டில் இழுக்காமல் போனது.

அண்ணன் இன்னொரு டர்போ வாங்கித் தன் கையாலேயே மாட்டினார். அப்போதும் இழுக்கவில்லை. "நீ மாட்டுனப்பவே உள்ள என்னத்தையோ கெடுத்துப் போட்டே. இனி எதை மாத்தி என்ன பண்றது? இத்தனை வருஷம் கத்துக் குடுத்தும் உனக்குக் கை வரலை" என்று பட்டறையில் அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிவிட்டார்.

சென்னியப்பன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான். இப்போது வரட்டுப்பள்ளத்தில் ஒரு டிராக்டர் ஷெட்டில் இருக்கிறார் என்று கேள்வி.

"திமிரு" என்றார் அண்ணன். "தப்புன்னு ஒத்துக்கிட்டா தலையா போயிரும்?"

தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்கு அனுப்பவேண்டும். மாமன் என்று இருப்பது சென்னியப்பன் ஒருவர்தான். தம்பியைக் கூப்பிடாமல் பத்திரிகையில் கை வைக்கமாட்டேன் என்று தங்கமணி உட்கார்ந்துவிட்டார். அவன் தப்பை ஒத்துக்கொள்ளாமல் கூப்பிடமாட்டேன் என்று அண்ணன் நின்றுவிட்டார்.

தப்பு அவன் மேல்தான் என்று காட்ட ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் மைமூன் வாசலுக்கு வந்திருந்தார்.

மைமூனின் பட்டறை அந்தியூர் தாண்டி, பர்கூர் ரோட்டில். ஈரோடு, மேட்டூர் என்று எங்கெங்கோ கைவிட்ட டீசல் வண்டிகள் கடைசியில் அங்கே வந்துதான் நிற்கும். வயது முப்பத்தெட்டு. அண்ணனைவிடப் பதினாறு வயது சின்னவர். அவரிடம் போய் அண்ணன் நின்றதே எனக்குப் பெரிய அதிசயம்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை விட்டுவிட்டுப் போகமுடியாது. எந்த மெக்கானிக் கொண்டுவந்தாரோ அவர் கூடவே இருக்கவேண்டும். கழற்றுவதும் மாட்டுவதும் அவர் கைதான். மைமூன் ஸ்பேனரைத் தொடமாட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா" என்றார் மைமூன்.

அண்ணன் ஸ்டார்ட் செய்தார். ஆக்ஸிலரேட்டரை அமுக்கினார். வண்டி நல்லபடியாகச் சீறியது.

"நல்லாத்தானே இருக்குது?"

"நின்னா நல்லாத்தான் இருக்கும் அம்மிணி. மேட்டுலதான் இழுக்காது."

"நீங்க மேட்டுல ஓட்டிப் பாத்தீங்களா?"

அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "ரோட்டு டெஸ்ட் எல்லாம் அவன்தான் போவான். அவன் போனப்புறம் நான் பட்டறையிலயே வெச்சுப் பாத்துக்கிட்டேன்."

"நாலு மாசமாவா?"

"என்ற காதுக்குத் தெரியாததா அம்மிணி? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்."

மைமூன் என் பக்கம் திரும்பினார். "மலைக்கு என்ன ஏத்துவீங்க?"

"ஆறு சிப்பம் அரிசி. மத்ததெல்லாம் சில்லறை."

"ஏத்துங்க."

அந்தியூருக்குப் போய் அரிசி ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தோம். பதினோரு மணி வெயில். யாரும் ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் மைமூன் இரண்டு கேஜ் எடுத்துக் கொடுத்தார். காற்று எவ்வளவு அமுக்கத்தில் போகிறது என்று முள் நகர்ந்து காட்டுகிற கருவி. டாக்டர் பிரஷர் பார்ப்பாரே, அதே சங்கதிதான்.

"ஒண்ணு டர்போ வாயில மாட்டுங்க. இன்னொண்ணு காத்து இன்ஜினுக்குள்ள போற எடத்துல மாட்டுங்க."

"ஒண்ணு போதுமே அம்மிணி? ரெண்டும் ஒரே காத்து."

"மாட்டுங்கண்ணா."

மாட்டினார். இரண்டு ரப்பர் ட்யூபையும் பானெட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் இழுத்தார். வலது கையில் டர்போ பக்கத்துக் கேஜ். இடது கையில் இன்ஜின் பக்கத்துக் கேஜ். முன் சீட்டில் அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு மைமூன் ஓட்டினார். நான் பின்னால் அரிசி மூட்டைகளோடு.

சமதளத்தில் இரண்டு முள்ளும் ஒன்றாகவே அசைந்தன.

"பாத்தீங்களா, நான் சொல்லலை?" என்றார் அண்ணன்.

மலை தொடங்கியது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. வண்டி முனகத் தொடங்கியது. கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்தது. மைமூன் ஆக்ஸிலரேட்டரை அடிவரைக்கும் மிதித்தார்.

"வலது கையில என்னங்கண்ணா?"

"ஒண்ணேகால்."

"இடது?"

அண்ணன் கேஜைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இடது கையிலங்கண்ணா?"

"அரை. அரை கூட இல்லை."

"மறுக்காப் பாருங்க."

அவர் வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். கேஜை ஜன்னலில் தட்டிப் பார்த்தார். முள் அங்கேயேதான் நின்றது.

"டர்போ நல்லா ஊதுது" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "முழுசா ஊதுது. போய்ச் சேரலை."

மைமூன் கியரைக் குறைத்தார்.

"அப்ப டர்போ மேல குத்தமில்லை" என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் மாட்டுனதும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது வளைவில் ஓரம் கொஞ்சம் அகலமான இடத்தில் மைமூன் வண்டியை ஓரங்கட்டினார். நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பானெட்டைத் திறந்து சூடு ஆறக் காத்திருந்தோம்.

"நான் சும்மா இருக்கலை அம்மிணி" என்றார் அண்ணன். "பைப்பு பூராவும் சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தேன். எங்கயும் ஒரு குமிழ் வரலை."

"ஓட்டையைத் தேடுனீங்க."

"ஆமா."

"கெடைக்கலை."

"கெடைக்கலை."

மைமூன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அண்ணன் குனிந்து பார்த்தார். டர்போ பக்கமிருந்து விரலாலேயே காற்று போகிற வழியைத் தொட்டுக்கொண்டு வந்தார். முன்னால் காற்றைக் குளிர வைக்கிற பெட்டி. அதிலிருந்து இன்ஜினுக்குப் போகிற வளைந்த பைப். அங்கே விரல் நின்றது.

"இதை யாரு கழட்டினது?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"நாந்தான்" என்றார். "மொத தடவை நாந்தான் கழட்டி மாட்டினேன். ரெண்டாந் தடவை இந்தப் பக்கம் கையே வைக்கலை."

கிளிப்பைத் தளர்த்தினார். பைப்பைப் பிடுங்கினார். உள்ளே இரண்டு விரலை விட்டார்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

வெளியே வந்தது ஒரு துணி. நீலக் கட்டம் போட்ட சட்டையின் கை.

பைப்பைக் கழற்றி வைத்தால் அதன் வாயில் துணி திணிப்பது எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம். தூசி போகக்கூடாது, நட்டு விழுந்துவிடக் கூடாது. திரும்ப மாட்டும்போது எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் நின்ற இடத்தில் ஒன்றும் தெரியாது. துணி ஓரமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். மேட்டில் காற்று வேகமாக வந்ததும் உப்பிக்கொண்டு வழியை அடைக்கும்.

"பட்டறையில எல்லாரும் பனியன் கம்பெனி வேஸ்ட் துணிதான் வெப்போம்" என்றார் அண்ணன். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நூல் பிரிஞ்சு இன்ஜினுக்குள்ள போயிரும்னு நான் மட்டும் வூட்டுல இருந்து துணி கொண்டாருவேன். பழைய சட்டையை வெட்டி, தங்கமணி மிஷின்ல ஓரம் அடிச்சுக் குடுப்பா."

துணியின் நாலு ஓரமும் நேராக மடித்து அடித்திருந்தது. ஒரு நூல் பிரியவில்லை.

அண்ணன் ரோட்டோரக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தார். துணியைப் பக்கத்தில் வைத்தார். மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கிப் போனது. அதற்குப் பிறகு ஒரு பால் வண்டி. மனுஷன் அசையவில்லை.

மைமூனும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு அண்ணனே பேசினார்.

"அம்மிணி. இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."

"ஆமாங்கண்ணா."

"பைப்புல அடைப்பு இருந்துச்சு. எடுத்தாச்சு. வண்டி இழுக்கப் போகுது. அவ்வளவுதானே?"

மைமூன் அவரையே பார்த்தார்.

"நாளைக்கே நான் சென்னியப்பனைப் போய்ப் பாக்கறேன். போனது போகட்டும் மாப்ள, நான் மன்னிச்சுட்டேன், கல்யாணத்துக்கு வந்து மாலையைப் போடுன்னு சொல்றேன். அவன் வந்துருவான். தங்கமணிக்கும் மனசு ஆறிரும். புள்ளைக்கும் நல்லது. இதுல யாருக்கு என்ன நட்டம், சொல்லுங்க?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாணம் நடக்கவேண்டும். வயசான மனுஷன் மானமும் தப்பவேண்டும். நான் தலையைக்கூட ஆட்டினேன்.

மைமூன் சுவரில் கிடந்த துணியை எடுத்தார். உதறினார். அண்ணனிடம் நீட்டினார்.

"அப்படியே பண்ணுங்கண்ணா. இதை எடுத்த எடத்துலயே வெச்சு மாட்டிருங்க."

நான் பதறிப்போனேன். "ஏனுங்க, என்ற வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

மைமூன் என் பக்கம் திரும்பவேயில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை.

அண்ணன் துணியை வாங்கினார். எழுந்து வண்டிக்குப் போனார். பைப்பின் வாயருகே துணியைக் கொண்டுபோனார். நிஜமாகவே திணித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

பிறகு துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பைப்பை வெயிலுக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார். மாட்டினார். கிளிப்பை முடுக்கினார்.

"வண்டியைத் திருப்புங்க அம்மிணி" என்றார். "வரட்டுப்பள்ளம் போலாம்."

"நாளைக்குன்னு சொன்னீங்க?" என்றேன் நான்.

"இன்னிக்கே."

என் மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் வந்திருக்கும். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

வண்டியைத் திருப்ப அடுத்த வளைவு வரைக்கும் ஏறவேண்டியிருந்தது. ஏறியது. ஆறு மூட்டை அரிசியும் மூன்று ஆளுமாக ஒரு முனகல் இல்லாமல், ஒரு பொட்டுப் புகை இல்லாமல் ஏறியது. நாலு மாதத்துக்குப் பிறகு! நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அடக்கிக்கொண்டேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினோம்.

வரட்டுப்பள்ளத்தில் டிராக்டர் ஷெட் ரோட்டு மேலேயே இருந்தது. ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். சென்னியப்பன் தரையில் குத்துக்காலிட்டு, டிராக்டர் கலப்பைக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிரீஸ் டப்பா. எந்த டீசல் இன்ஜினையும் பிரித்துச் சேர்க்கிற ஆள். இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. கோபத்தில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மைமூன் வண்டியிலேயே இருந்துகொண்டார். அண்ணன் இறங்கினார். நானும் இறங்கினேன்.

"மாப்ள."

சென்னியப்பன் திரும்பினார். சட்டென்று எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார்.

"வாங்க மாமா."

அண்ணன் உட்காரவில்லை. ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதைப் பார்க்கவும் இல்லை.

"நீ மாட்டுன டர்போவுல ஒரு குத்தமும் இல்லை. பைப்புல துணியை வெச்சு எடுக்க மறந்தது நான். பழியைத் தூக்கி உன்ற மேல போட்டதும் நான். அன்னிக்குப் பட்டறையில அத்தனை பேர் முன்னாடி சொன்னேன். இதையும் நாலு பேர் முன்னாடிதான் சொல்லோணும்னு வந்தேன்."

சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தார்.

சென்னியப்பன் வாங்கிப் பார்த்தார். ஓரத்துத் தையலைக் கட்டைவிரலால் தடவினார். அக்காவின் தையல் அவருக்குத் தெரியாதா?

ஷெட்டில் நின்றவர்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கையிலிருந்த ஸ்பேனரை வீசியிருப்பேன்.

"ஏதாச்சும் சொல்லு மாப்ள" என்றார் அண்ணன். "திட்டவாச்சும் திட்டு."

சென்னியப்பன் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் மாட்டுனது சரிதானுங்களா மாமா?"

"சரிதான்."

"நெசமாலுமுங்களா?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் நம்பிட்டேனுங்க மாமா. நாலு மாசமா ஒரு இன்ஜினையும் தொடலைங்க."